மக்காட்டின் உள்பக்கம்

"மரத்துக்கும் தண்ணிக்கும் ஆகாது தம்பி. மக்காடுங்கிறது தண்ணி வாங்குறதுக்குன்னே இருக்கிற சாமான். அதுல போயி மரத்த வைக்கப் போறியளா?"

என் சைக்கிளுக்கு மரத்தில் மட்கார்டு செய்யப்போகிறேன் என்றதும் சைக்கிள் கடை அண்ணாச்சி இப்படிக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மட்கார்டைத்தான் எங்கள் பக்கம் மக்காடு என்போம். ஒரு பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தைச் சுண்டிவிட்டு, அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை, என் காசும் நேரமும் வீணாகக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொன்னார். அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சு எனக்குள்ளேயே தங்கிவிட்டது. மரத்துக்கும் தண்ணீருக்கும் உண்மையிலேயே ஆகாதா? அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் இரண்டு சாரல் காலம் ஓடிவிட்டது. இப்போது பாதிப் பதில் கையில் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் சைக்கிள் 1994-ல் வாங்கியது. 24 அங்குல உயரம், 28-க்கு ஒன்றரை டயர், ராடு பிரேக். தென்காசியிலிருந்து இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். எங்கள் பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் மழை வந்தது, நின்றது என்று கணக்கு வைக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்கிற தென்மேற்குப் பருவமழை, கணவாய் வழியாகப் பொடிப்பொடியாய் இங்கே வந்து விழும். குடை பிடித்தாலும் நனைவோம், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைய மாட்டோம். ஆனால் ரோடு மட்டும் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். சைக்கிளில் போகிறவனுக்கு மேலே இருந்து வருகிற தண்ணீரைவிடக் கீழே இருந்து வருகிற தண்ணீர்தான் தொல்லை. மட்கார்டு இல்லாத சைக்கிளில் இரண்டு கிலோமீட்டர் போனால் போதும், முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை செம்மண்ணில் ஒரு கோடு விழுந்திருக்கும்.

பழைய இரும்பு மட்கார்டு போன விதத்தையும் சொல்ல வேண்டும். சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டபோது பின்பக்க மட்கார்டைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். மேலே பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. நடுவில் ஓடுகிற மஞ்சள் கோடுகூட அழியவில்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு, பொருக்குப் பொருக்காக. ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், மஞ்சள் கோட்டின் நடுவே முனை வெளியே வந்தது. முப்பது வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பக்கம் வேறு, அரிக்கப்பட்ட பக்கம் வேறு. அன்றைக்கே எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குப் புது இரும்பு மட்கார்டு கிடைக்கும். ஆனால் எனக்கு ஒரு படம் மனசில் கிடந்தது. 1890-களில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று செய்த சைக்கிள்கள் சிலவற்றில் மட்கார்டு மரத்தில் இருந்தது. மெல்லியதாக அறுத்த மரத்தை வளைத்து, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலிருந்தும் அச்சு வரைக்கும் நூல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நீளப் பாவாடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க அந்த நூல் வலை. அந்தப் படத்தில் சைக்கிள் ஓர் இசைக்கருவி மாதிரி இருந்தது. சைக்கிளின் பிறப்பே மரத்தில்தான். 1817-ல் ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குச் சட்டமும் மரம், சக்கரமும் மரம். அப்படிப்பட்ட வண்டிக்கு மரத்தில் ஒரு மட்கார்டு செய்ய முடியாதா என்பதுதான் என் ஆசை.

மரத்துக்குத் தண்ணீர் பகையா?

அண்ணாச்சி சொன்னதை யோசிக்க யோசிக்க எனக்கு எதிர் உதாரணங்கள்தான் வந்தன. கட்டுமரம் மரம். தெப்பம் மரம். குளத்து மடையில் பலகை போட்டுத் தண்ணீரை நிறுத்திய காலம் உண்டு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர், இங்கே மலையாளப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். பொறுமையின் எல்லைக்குப் போய்விட்டேன் என்பதை மலையாளத்தில் 'நெல்லிப்பலகை கண்டேன்' என்பார்கள். கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டையால் பலகை போடும் வழக்கத்திலிருந்து வந்த பேச்சு அது. தண்ணீர் வற்றி அடி தெரிந்தால்தான் அந்தப் பலகை கண்ணுக்குப் படும். காலம் காலமாகத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மரம்.

மாட்டு வண்டியை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் வேறு. குடம், ஆரக்கால், வட்டை என்று சக்கரத்தில் இரும்புப் பட்டாவைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மரம். கோடையில் அது சுருங்கி ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தால், வண்டியைக் குளத்தில் இறக்கி ஊறவிடுவார்கள். மரம் உப்பி மூட்டுகள் இறுகும். அங்கே தண்ணீர்தான் மருந்து.

மரத்தைக் கெடுப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கிய மரத்தில் காற்று இல்லை. நன்றாகக் காய்ந்த மரத்தில் ஈரம் இல்லை. இரண்டும் பிழைக்கும். நனைந்தும் நனையாமலும், காய்ந்தும் காயாமலும் இருக்கிற இடத்தில்தான் மரம் சாகும். வேலிக்கம்பு மண்ணோடு ஒட்டுகிற இடத்தில் இற்றுப்போவதும், கதவு நிலை வாசல்படியோடு சேர்கிற இடத்தில் உளுத்துப்போவதும் இதனால்தான். அப்படிப் பார்த்தால் சாரல் காலத்து மட்கார்டு மிக மோசமான இடம். காலையில் நனைந்து, மத்தியானம் பாதி காய்ந்து, சாயங்காலம் மறுபடி நனையும். ஆக, அண்ணாச்சி சொன்னது முழுத் தப்பும் இல்லை. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும் நான் கவனம் வைத்தது வேறு இடத்தில்.

வளையாத தேக்கு

முதலில் பழைய தேக்கில் ஆரம்பித்தேன். இடித்த வீட்டு மரம் விற்கிற கடையில் ஒரு ஜன்னல் சட்டம் கிடைத்தது. வைரம் பாய்ந்த மரம், இழைத்தால் எண்ணெய் வாசனை இன்னும் வந்தது. அதிலிருந்து ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டை அறுத்து வாங்கினேன். மரத்தை ஆவியில் வேகவைத்தால் வளையும் என்று தெரியும். ஈரமும் நூறு டிகிரியை ஒட்டிய சூடும் சேர்ந்தால், மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் இளகிக் கொடுக்கும். பிவிசி குழாய் அந்தச் சூட்டுக்குத் தளர்ந்துவிடும் என்பதால் தகரக் குழாய் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு முனையில் குக்கரிலிருந்து ஆவியை விட்டு, முக்கால் மணி நேரம் பட்டையை உள்ளே வைத்தேன். கையுறை போட்டு எடுத்து, வளைவாக வெட்டிய அச்சுக் கட்டையின் மேல் அழுத்தினேன். கால்வாசி வளைவு வரை வந்தது. அப்புறம் ஒரு சத்தம், விறகு முறிகிற அதே சத்தம். வெளிப்பக்க நார்கள் பிளந்து சிலிர்த்துக்கொண்டு நின்றன.

பட்டையை வளைக்கும்போது உள்பக்கம் நசுங்க வேண்டும், வெளிப்பக்கம் நீள வேண்டும். ஆவியில் வெந்த மரம் நசுங்குவதற்கு நிறையவே இடம் கொடுக்கும். நீளச் சொன்னால் நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் நீளாது, கிழிந்துவிடும். அதற்காகத்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, மரத்தை நீளவிடாமல் வளைக்கிறார்கள். அதோடு, பல பத்து வருஷம் காய்ந்த மரத்தைவிடப் புதிதாக அறுத்த, ஈரம் மிச்சமிருக்கிற மரம்தான் வளையும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற சொல் மரத்தோடு பழகியவர் வாயில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

சரி, முழு மரம் வேண்டாம், அடுக்கு ஒட்டலாம் என்று முடிவு செய்தேன். பிளைவுட் கடையில் அரை மில்லிமீட்டர் தேக்கு வெனீர், அதாவது தாள் மாதிரிச் சீவிய மரம், கிடைக்கும். ஆறு அடுக்கு போட்டால் மூன்று மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் நான்கு அரைவட்டங்கள் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று திருகி அச்சு செய்தேன். டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் 355 மில்லிமீட்டர். இடைவெளி 12, 13 வேண்டும். ஆக, அச்சின் ஆரம் 368.

இந்த அடுக்கு வேலையில் நான் ரசித்து ரசித்துப் பார்த்த ஒன்று உண்டு. மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை அரைவட்டமாக வளைத்தால், வெளி விளிம்பு உள் விளிம்பைவிட ஒன்பதரை மில்லிமீட்டர் கூடுதல் நீளம் வேண்டும். முழு மரம் அதை இழுத்துத்தான் கொடுக்க வேண்டும், அதனால்தான் கிழிகிறது. அடுக்குகளாக இருந்தால் பசை காய்கிறவரை ஒவ்வொரு தாளும் அடுத்த தாளின் மேல் வழுக்கி நகர்ந்துகொள்கிறது. ஒரு அடுக்குக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். ஒரே அளவாக வெட்டிய ஆறு தாள்களையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்து வளைத்தேன். மறுமுனையில் சின்னச் சின்னப் படிக்கட்டாக, ஒன்றை ஒன்று விட்டு விலகி நின்றன. கணக்கு கண்ணெதிரே மரமாக நின்றது. பசை காய்ந்தபின் வழுக்க முடியாது என்பதால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும்.

இறுக்கிப் பிடிக்க அவ்வளவு கிளாம்ப் எனக்கு ஏது? பஞ்சர் கடையில் தூக்கிப் போடுகிற பழைய ட்யூப்களைக் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, அச்சோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினேன். ரப்பரின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழும். எந்தக் கிளாம்ப்பும் அவ்வளவு சீராக அழுத்தாது. மறுநாள் அவிழ்த்தபோது ட்யூபின் வாசனையோடு, வளைந்த தேக்கு கையில் வந்தது. முனைகள் ஒரு விரல் அகலம் விரிந்திருந்தன. போல்ட்டும் கம்பியும் போட்டு இழுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மேல்பக்கத்துக்கு ஒரு வாரம் கொடுத்தேன். 120, 220, 400 என்று உப்புத்தாள். பிறகு அரக்கைச் சாராயத்தில் கரைத்த பாலிஷ், துணியில் பஞ்சை வைத்துத் தொட்டுத் தொட்டு எத்தனையோ பூச்சு. ரேகைகள் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரித் தெரிந்தன. உள்பக்கத்துக்கு மிச்சமிருந்த பாலிஷை இரண்டு கை இழுத்தேன். பசையும் மர வேலைக்குப் போடுகிற சாதாரண வெள்ளைப் பசைதான். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் நாலு பேர் தடவிப் பார்ப்பார்கள். "ஸ்டிக்கரா ஒட்டிருக்கிய?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு உடனே ஒரு கதை ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் பந்தய சைக்கிள்களுக்கு மர ரிம்தான் போட்டார்கள். 1934 டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தில் அந்தோனின் மாஞ் மாவிக் கம்பெனியின் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவை ரிம்மை, மரம் மாதிரித் தெரியப் பெயின்ட் அடித்து ஓட்டினார் என்பது சைக்கிள்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. அன்றைக்கு உலோகம் மரத்தின் சாயலைப் பூசிக்கொண்டது. என்னுடையது அசல் மரம் என்று ஸ்டிக்கரா என்று கேட்டவரிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று சொட்டுத் தண்ணீர்

ஜூன் முதல் வாரம் சாரல் தொடங்கியது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், இலஞ்சி தாண்டும்போது முன்சக்கரத்தில் சர்ர் என்று உரசும் சத்தம். இறங்கிப் பார்த்தேன். முன் மட்கார்டின் கீழ்முனை, நனைந்த நோட்டுப் புத்தகத்தின் ஓரம் மாதிரி ஆறு தாளாகப் பிரிந்து, உள்தாள் டயரில் உரசிக்கொண்டிருந்தது. அதே சமயம் மேல்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, பாலிஷ் பளபளத்தது. மேலே இருந்து பார்க்கிற எவருக்கும் அது பிரமாதமான மட்கார்டுதான். கிழிந்த தாளைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். அன்றைக்குப் பட்ட வருத்தத்தை இப்போது எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாகச் செய்த வேலை.

ஊரில் ஒரு சின்னத் தச்சுப் பட்டறை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் அங்கே உட்கார்ந்து வேலை சொல்லிக்கொண்டிருப்பார். கதவு, கட்டில் என்று கேட்டு வருகிறவர்களிடம் மரத்தைப் பற்றி அவர் பேசுகிற விதம் எனக்குப் பிடிக்கும். மட்கார்டைத் துணியில் சுற்றி அவரிடம் கொண்டுபோனேன். பிரிந்துபோனதை ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன். வழியெல்லாம், மேல்பக்கத்தைப் பார்த்து அவர் என்ன சொல்லுவார் என்றுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. துணியைப் பிரித்ததும், நான் நீட்டிய பக்கத்தை அப்படியே கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகத்தால் உள்பக்க ஓரத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீறிக்கொண்டே போனார். பிறகு பக்கத்தில் இருந்த சொம்பில் விரலை முக்கி, ஒரு சொட்டை உள்பக்கத்தில் விட்டார். இன்னொரு சொட்டை வெட்டுமுனையில், ஆறு தாளின் ஓரங்களும் தெரிகிற அந்த மூன்று மில்லிமீட்டர் விளிம்பில் விட்டார். அப்புறம் திருப்பி மேலே ஒரு சொட்டு. "பாருங்க" என்றார்.

பார்த்தேன். மேலே விட்டது உருண்டு நின்றது. உள்ளே விட்டது மெதுவாகப் பரவி, கறுப்பாக ஒரு வட்டம் போட்டது. முனையில் விட்டதைக் காணவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் அதைக் குடித்துவிட்டது. இரண்டாவது சொட்டு விட்டார், அதுவும் போனது. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீரை மேலே ஏற்றிய அதே குழாய்கள்தான் முனையில் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முனை குடிக்கும். முன் மட்கார்டின் கீழ்முனை, டயர் வாரி அடிக்கிற தண்ணீருக்கு நேராக வாயைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கேதான் நான் ஒன்றுமே பூசவில்லை.

"தம்பி, நான் இருபது வயசுல நீண்டகரையில படகு வேலைக்குப் போனவன்" என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது. செங்கோட்டையிலிருந்து மீட்டர் கேஜ் ரயிலில் கொல்லம், அங்கிருந்து நீண்டகரை. 1953-ல் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய மீன்பிடித் திட்டத்துக்குப் பிறகு அந்தக் கரையில் மோட்டார் படகு கட்டுகிற தொழில் வளர்ந்திருந்த காலம். "அங்கன மேல பெயின்ட் அடிக்கிறதுக்குச் சின்னப் பயலுவள விடுவாக. அடியில வேலைக்கு மூத்த ஆசாரிதான் இறங்குவாரு. முதலாளி வந்தாருன்னா மொதல்ல குனிஞ்சு அடியத்தான் பாப்பாரு. மேல என்ன இருக்கு? காத்தும் வெயிலும். கடலு அடியிலலா இருக்கு?" கையில் என் மட்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "இதுக்கு கடலு எங்க இருக்கு?"

நான் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் பழைய இரும்பு மட்கார்டும் மஞ்சள் கோட்டின் நடுவே வெளியே வந்த ஸ்குரூ டிரைவர் முனையும் ஞாபகம் வந்தன. ஒரு மாதமாக நான் செய்தது மட்கார்டே இல்லை. டீக்கடையில் நிற்பதற்கு ஒரு பொருள் செய்திருக்கிறேன். தண்ணீர் படுகிற இடம், மணல் அடிக்கிற இடம், சேறு தங்குகிற இடம் மூன்றும் ஒரே பக்கம். அந்தப் பக்கத்துக்கு மிச்சம் மீதியைக் கொடுத்துவிட்டு, தூசி மட்டும் விழுகிற பக்கத்துக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறேன். அரக்குப் பாலிஷ் தண்ணீருக்கு ஆகாது என்பதும் எனக்குத் தெரியும். ஈரத்தில் வெளுத்துப்போகும். தெரிந்த விஷயத்தைக்கூட அழகு மறைத்துவிட்டது.

இரண்டாவது ஜோடி

பெரியவர் ஒட்டித் தரவில்லை. "இத வீட்ல ஆணியில மாட்டி வையுங்க. புதுசா ஒண்ணு செய்வோம்" என்றார். 'செய்வோம்' என்ற அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மரத்தை அவர்தான் சொன்னார், அயினி. மலையாளத்தில் ஆஞ்சிலி. கேரளத்துப் பாம்புப் படகான சுண்டன் வள்ளம் செய்கிற மரம். தேக்கும் படகு மரம்தான், ஆனால் அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுமுன் தின்னர் போட்டுத் துடைத்து உடனே ஒட்ட வேண்டும், நான் அதையும் செய்திருக்கவில்லை. செங்கோட்டை சாமில்லில் கண் இல்லாத, நார் நேராக ஓடுகிற அயினிப் பலகையாகப் பொறுக்கி எடுத்தோம். இரண்டு மில்லிமீட்டர் பட்டையாக அறுத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேய்த்தோம். நான்கு அடுக்கு.

அடுக்கு குறையக் குறைய, அச்சிலிருந்து எடுத்ததும் மரம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் வேகம் கூடும். மர வேலைக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வளைவில் எவ்வளவு பங்கு திரும்பும் என்றால், அடுக்கின் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். ஆறு அடுக்குக்கு முப்பத்தாறில் ஒரு பங்கு, முதல் ஜோடி ஒரு விரல் விரிந்தது இதனால்தான். நான்குக்குப் பதினாறில் ஒரு பங்கு. எனவே புது அச்சை 345 மில்லிமீட்டர் ஆரத்தில் வெட்டினோம். எடுத்ததும் அது தானாக விரிந்து சக்கரத்துக்குச் சரியாக வந்து நின்றது. போல்ட்டால் இழுத்துப் பிடித்த மரம் எப்போதும் பிரிந்து போகவே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு அந்த இழுப்பு இல்லை.

அகலத்திலும் ஒரு பாடம் இருந்தது. இரும்பு மட்கார்டு குறுக்கிலும் வளைந்து, கவிழ்த்த வாய்க்கால் மாதிரி இருக்கும். மரப்பட்டையை ஒரு திசையில் வளைத்தால் இன்னொரு திசையில் வளைக்க முடியாது. காகிதத்தைச் சுருட்டலாம், கிண்ணமாக்க முடியாது, அதே கதைதான். அதனால் 38 மில்லிமீட்டர் டயருக்கு 68 மில்லிமீட்டர் அகலம் வைத்தோம். பக்கத்தில் சிதறுவதைத் தடுக்க உள்ளே ரப்பர் ஒட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். ரப்பருக்குப் பின்னால் போகிற தண்ணீர் திரும்பி வராது, அங்கேயே உட்கார்ந்து மரத்தைத் தின்னும். ஓடுகிற தண்ணீரை விட்டுவிடு, உட்காருகிற தண்ணீரை விடாதே என்பதுதான் அவர் கணக்கு.

பசைக்கு எபாக்சி, இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகிப்போகிற பிசின். அவர் காலத்தில் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்களாம். கையில் பட்டால் கொப்புளம் போடும், ஆனால் மரத்தைப் புழு அண்டாது என்றார். நாங்கள் எபாக்சியையே பூச்சாகவும் போட்டோம். உள்பக்கம் ஆறு பூச்சு, மேலே மூன்று. எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே மட்டும் அதன்மீது படகு வார்னிஷ். வெட்டுமுனைகளைத் தனியாகக் கவனித்தோம். மட்கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, முனையில் எபாக்சியைத் தடவித் தடவி, அது குடிப்பதை நிறுத்துகிறவரை ஊட்டினோம். ஐந்து தடவை குடித்தது. விளிம்புகளை உருட்டிவிட்டோம், ஏனென்றால் கூர்மையான ஓரத்தில் எந்தப் பூச்சும் கனமாக நிற்காது, முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான்.

போல்ட் துளைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பத்து மில்லிமீட்டர் துளை போடச் சொன்னார். அதை எபாக்சியும் மரத்தூளும் கலந்து அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் துளை போட்டோம். இப்போது போல்ட் வழியாக இறங்குகிற தண்ணீருக்கு மரமே தெரியாது. "படகுல ஒரு ஆணி அடிச்சா ஒரு ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டைக்கு உள்பக்கம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், அதே பஞ்சர் கடை ட்யூபில் வெட்டிய வாஷர். முன் மட்கார்டின் முனையில் பழைய டயரில் வெட்டிய சின்ன ரப்பர் மடல்.

கம்பி, போல்ட் இல்லாமல் இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள். கழற்றிப்போட்ட பழைய இரும்பு ஜோடி கம்பியோடு ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் எடையைவிட எனக்குச் சத்தம்தான் பெரிய வித்தியாசம். இரும்பு மட்கார்டில் கல் பட்டால் டிங் என்று தெறிக்கும். மோசமான ரோட்டில் முழுக்கக் கடகடவென்று அதிரும். இதில் கல் பட்டால் டொக் என்று ஒரு சத்தம், கதவை ஒருவர் விரலால் தட்டின மாதிரி. சாரலில் போகும்போது உள்ளே தண்ணீர் அடிக்கிற சத்தம் ஓலைமேல் மழை விழுகிற மாதிரிக் கேட்கிறது.

இரண்டாவது ஜோடி ஒரு சாரல் காலத்தை முழுசாகப் பார்த்துவிட்டது, ஐப்பசி கார்த்திகை மழையையும் பார்த்துவிட்டது. மேல்பக்கத்தைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. மஞ்சளாக இருந்த அயினி வெயிலில் பழுப்பேறிவிட்டது. ஸ்டாண்டில் வைக்கும்போது பட்ட கீறல் ஒன்று இருக்கிறது, நான் அதைத் தொடவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, சக்கரத்தைக் கழற்றாமல் ஒரு துணியை உள்ளே விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுக்கிறேன். சேறு வந்துவிடும். அப்புறம் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பேன். கண்ணால் பார்க்க முடியாத இடம் அது, விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் வண்டியைக் காட்டினேன். நான் அசந்துபோனது அங்கேதான். அவர் மேலே தட்டிப் பார்த்தார், "தேறிட்டு போல" என்றார். ஆனால் பிரேக் கட்டை மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோது, குனிந்து உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், தூறலில் பட்டறை வழியாக வந்தேன். பெரியவர் வாசலில் நின்றிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். குனிந்து, ஈரத்தோடு ஈரமாகப் பின் மட்கார்டின் உள்ளே கையை விட்டு, பெடல் பக்கம் இருக்கிற கீழ்முனை வரை தடவிக்கொண்டே போனார். சேறு அதிகமாகத் தங்குகிற இடம் அதுதான். கையை வெளியே எடுத்தபோது நாலு விரலிலும் செம்மண். கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பூச்சின் பொடி ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"கீழ் முனையில மட்டும் கொஞ்சம் சொரசொரங்கு" என்றார். "சாரல் முடியட்டும். பொரட்டாசில நல்ல வெயில் வரும்லா, அப்பக் கழத்திக் கொண்டாங்க. ரெண்டு கோட்டு ஊட்டிருவோம்."